கரண்டைக்காலில் செம்புள்ளிகள்

முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலிலும் கரண்டைக்காலைச் சுற்றியும் தோன்றும் சிறு செம்புள்ளிகள் தம்மளவில் ஒரு நோயல்ல. கொசுக்கடி முதல் இரத்தப் புற்றுநோய் வரை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நிலைகள் உடலின் இந்த ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் வெளிப்படக்கூடும் என்பதால், புள்ளியைப் பார்த்த மாத்திரத்தில் காரணத்தைச் சொல்லிவிடும் துணிவு அனுபவமுள்ள மருத்துவர்களுக்கும் எளிதில் வருவதில்லை. திருநெல்வேலி வட்டாரத்து வீடுகளில் இவற்றுக்குப் பூச்சிக்கடி, உடம்புச் சூடு, காணாக்கடி ஆகிய விளக்கங்களே பெரும்பாலும் வழங்குகின்றன. அவை பல வேளைகளில் பொருந்தியும் விடுகின்றன. பொருந்தாத வேளையை எப்படி அறிவது என்பதே இங்கு முதன்மையான கேள்வி. அதற்கான முதற்படி எந்தக் கருவியும் இன்றி வீட்டிலேயே செய்யத்தக்கது.

புள்ளிகளின் மேல் ஒளி ஊடுருவும் பொருள் ஒன்றை வைத்து மெல்ல அழுத்திப் பார்ப்பதே அந்தச் சோதனை. எவர்சில்வர் டம்ளர்களே நிறைந்த வீட்டிலும் பள்ளிப் பிள்ளையின் ஜியோமெட்ரி பாக்சில் நிறமற்ற பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று இருக்கும், அதுவே போதும். அழுத்தும்போது சிவப்பு வெளிறி மறைந்து, எடுத்தவுடன் திரும்ப வருமானால், இரத்தம் இன்னும் நுண்குழாய்களுக்குள்ளேயே இருக்கிறது, அக்குழாய்கள் ஏதோ எரிச்சலால் விரிந்திருக்கின்றன என்று கொள்ளலாம். அழுத்தியும் சிவப்பு அப்படியே நிற்குமானால், இரத்தம் குழாயைவிட்டு வெளியேறித் தோலின் அடுக்குகளுக்கிடையே தங்கியிருக்கிறது என்று பொருள். இப்படிக் கசிந்த இரத்தத்தால் உண்டாகும் ஊசிமுனை அளவுப் புள்ளிகளை, அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு உட்பட்டவற்றை, மருத்துவர்கள் பெட்டீக்கியே என்றும், அதைவிடப் பெரியவற்றைப் பர்ப்யூரா என்றும் வழங்குகின்றனர். மறையும் புள்ளி, மறையாத புள்ளி என்ற இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்ளாமல் இணையத்தில் படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதால் வீண் அச்சமோ வீண் தைரியமோதான் மிஞ்சும்.

படங்களை நம்பக் கூடாததற்கு வேறொரு காரணமும் உண்டு. மருத்துவ நூல்களில் உள்ள படங்களில் பெரும்பாலானவை வெளிறிய தோலில் எடுக்கப்பட்டவை. அங்கே பளிச்சென்று சிவப்பாகத் தெரியும் புள்ளி, வயலிலும் வெயிலிலும் கறுத்த ஒரு காலில் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோதான் தெரியும். கொசு கடித்த பழைய தழும்புகளுக்கிடையே அது கண்ணில் படாமலேகூடப் போய்விடும். மாநிறத்தோரிடமும் கருநிறத்தோரிடமும் இப்புள்ளிகள் தாமதமாகக் கண்டறியப்படுவது உண்மையான மருத்துவக் குறைபாடு, அதற்கு நோயாளி பொறுப்பல்லர். எனவே ஐயம் எழும்போது பகல் வெளிச்சத்தில், கெண்டைக்காலோடு நின்றுவிடாமல், நிறம் குறைந்த இடங்களான உள்ளங்கால், பாதத்தின் உட்புறம், வாயின் மேலண்ணம், கீழ் இமையின் உட்பக்கம் ஆகியவற்றையும் பார்ப்பது நல்லது. இப்படிப் பார்த்து முடிக்கும்வரை மஞ்சளோ, அக்கிக்கு எழுதும் காவியோ, கலாமைன் திரவமோ பூசாதிருப்பதும் அவசியம். பூசிய பிறகு புள்ளி கூடியதா குறைந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.

உடலெங்கும் இரத்தம் ஓடும்போது கால்களில் மட்டும் கசிவு முதலில் தெரிவதேன் என்பதற்கு விடை புவியீர்ப்பில் இருக்கிறது. அசையாமல் நிற்கும் ஒருவரின் கரண்டைக்காலில் உள்ள சிரைகளில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டுகிறது. நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுவதால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் வாழ்வோருக்குக் கால்வாய்க் கசிவின் காரணங்களைச் சொல்லித்தர வேண்டியதில்லை: நீரின் வேகம் மிகுந்தாலும், கரை இற்றுப்போனாலும், உடைப்பை அடைக்க மண் இல்லாமற்போனாலும் நீர் வெளியேறும். காலில் தோன்றும் மறையாத புள்ளிகளும் இந்த மூன்று வழிகளிலேயே உண்டாகின்றன. சிரைகளில் அழுத்தம் மிகுவது ஒன்று. நுண்குழாயின் சுவர் அழற்சியால் பழுதடைவது மற்றொன்று. சிறு துளைகளை உடனுக்குடன் அடைக்கும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், குறைந்துபோவது மூன்றாவது. நலமான ஒருவரின் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏழு முதல் பத்து நாள் வரையே வாழ்வதால் எலும்பு மச்சை இடைவிடாமல் புதியவற்றை உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இம்மூன்றில் சுவரையும் தட்டணுவையும் ஒரே நேரத்தில் தாக்குவது டெங்கு என்பதால், இந்தப் பள்ளத்தாக்கில் காய்ச்சலோடு வரும் புள்ளிகளைப் பற்றிய பேச்சு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2012-இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதிசெய்யப்பட்டு 66 பேர் இறந்தனர். அவ்வாண்டில் மாநிலத்திலேயே கடுமையாகப் பாதிக்கப்பட்டது அன்றைய பிரிக்கப்படாத திருநெல்வேலி மாவட்டம். இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையநல்லூரின் பெயர் அந்த மாதங்களில் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப இடம்பெற்றது. ஏடிஸ் கொசு நல்ல நீரிலேயே முட்டையிடுவது. குடிநீர் சில நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே வரும் தெருக்களில், அடுத்த முறை வரும்வரை குடத்திலும் பிளாஸ்டிக் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் பிடித்துவைக்கும் நீர் அதற்குப் போதுமான வாழிடம். வற்றாத நதி ஓடும் மாவட்டத்தில் மக்கள் நீரைப் பிடித்துவைத்து நோயையும் சேர்த்து வளர்க்க நேர்வது வருந்தத்தக்கது. அதைக் குடும்பங்களின் அசட்டை என்று சொல்லிவிடுவது நியாயமாகாது.

டெங்குவில் தோலின் மாற்றங்கள் ஒரே நாளில் வருவதில்லை. முதல் ஓரிரு நாட்களில் முகமும் மார்பும் சிவந்து காணப்படலாம். அது அழுத்தினால் வெளிறும். மூன்றாம் நாள் தொடங்கித் தட்டணுக்கள் இறங்கும்போதுதான் கெண்டைக்காலிலும் பாதத்திலும் மறையாத நுண்புள்ளிகள் எழுகின்றன. இரத்தம் எடுப்பதற்காகக் கையில் இறுக்கிய ரப்பர் நாடாவுக்குக் கீழே திடீரென்று புள்ளிகள் எழும்புவதைச் செவிலியர்கள் கவனித்துச் சொல்வதுண்டு. டூர்னிகே சோதனை என்னும் பழைய முறை இதே இயல்பைப் பயன்படுத்துகிறது. இரத்த அழுத்தக் கருவியின் பட்டையை மேல், கீழ் அழுத்தங்களுக்கு நடுவான அளவில் 5 நிமிடம் வைத்திருந்து, முழங்கையின் உட்புறத்தில் ஒரு சதுர அங்குலத்தில் எழும் புள்ளிகளை எண்ணும் அம்முறையில், 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் டெங்குவுக்கான ஐயம் வலுக்கிறது. நோயை அது உறுதிசெய்யாது, உறுதிசெய்ய என்.எஸ்.1 போன்ற இரத்தப் பரிசோதனைகள் தேவை.

காய்ச்சல் விட்டவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் இந்நோயில் பேரிடராக முடியக்கூடும். காய்ச்சல் இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து வெளியேறி அதிர்ச்சி நிலை ஏற்படும் வாய்ப்பு மிகுதி. புள்ளிகளோடு விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுமீறிய சோர்வு, கைகால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இத்தகைய காய்ச்சலில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால், இடுப்பில் ஒரு ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்ற நம்பிக்கையைக் கைவிடுவது உயிர் காக்கும். உரிய அளவில் பாராசிட்டமாலும் போதிய நீராகாரமும் ஏற்றவை. 2012-இல் அரசே நிலவேம்புக் குடிநீரை வழங்கியது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கிவரும் மாவட்டத்தில் அதற்கு இயல்பான வரவேற்பும் இருந்தது. நிலவேம்போ பப்பாளி இலைச் சாறோ குடித்துவிட்டு, அந்த நிம்மதியில் இரத்தப் பரிசோதனையை மறுநாளைக்குத் தள்ளிப்போடுவதில்தான் கேடு இருக்கிறது. நோய் தணியும் கட்டத்தில், ஏறத்தாழ ஆறாம் நாளுக்குப் பிறகு, கால்கள் பரவலாகச் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகளுடன் கடுமையாக அரிப்பதும் உண்டு. பார்ப்பவரைப் பதறவைக்கும் அத்தோற்றம் குணமாவதன் அறிகுறியேயாகும்.

காய்ச்சலும் புள்ளிகளும் சேர்ந்து வருவன எல்லாம் டெங்கு ஆகா. கார், பிசானம் என்று இருபோக நெல் விளையும் நிலத்தில், வரப்பு வளைகளில் வாழும் எலிகளின் சிறுநீர் கலந்த சேற்றில் வெடிப்புள்ள பாதத்தோடு இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது நடந்ததுபோல், வெள்ளத்தில் நடந்துசெல்ல நேரும் நகரவாசிகளுக்கும் இந்த அபாயம் உண்டு. கண் சிவத்தல், கெண்டைக்கால் சதையைத் தொட முடியாத வலி, மஞ்சள் காமாலை ஆகியவை இதன் அடையாளங்கள். முற்றிய நிலையில் தோலில் இரத்தப் புள்ளிகளும் எழும். நீரில் இறங்கிப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்தே காய்ச்சல் தொடங்குவதால், நோயாளி அந்த நீரை மறந்தே போயிருப்பார். மருத்துவர் கேட்காவிட்டாலும் தாமே சொல்ல வேண்டிய செய்தி அது.

மலையடிவாரத்துக்கு உரியது உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களில் வாழும் கண்ணுக்கெட்டாத சிற்றுண்ணியின் இளம்பருவம் கடித்த இடத்தில், வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று உருவாகிறது; அது இடுக்குகளிலும் இடுப்புக்கச்சை படும் இடத்திலும் ஒளிந்திருப்பதால் தேடினால்தான் அகப்படும். இதில் தடிப்பு பெரும்பாலும் உடற்பகுதியில் வருகிறது. நாய், கால்நடை உண்ணிகள் வழியாகப் பரவும் வேறொரு காய்ச்சலிலோ புள்ளிகள் மணிக்கட்டிலும் கரண்டைக்காலிலும் தொடங்கி, உள்ளங்கை, உள்ளங்கால்களிலும் தெரியும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பத்தோடு நாட்கணக்கில் காட்டில் தங்கித் திரும்புவோர், அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அந்தத் தங்கலை மருத்துவரிடம் குறிப்பிடுவது நல்லது. எலிக்காய்ச்சல் உட்பட இவை மூன்றுமே டாக்ஸிசைக்கிளின் என்னும் விலை குறைந்த மருந்துக்குக் கட்டுப்படுவன. காலத்தே ஐயுறாததால் உயிரிழப்பு நேர்வதுதான் வேதனை.

எந்தக் காய்ச்சலிலும் மறையாத புள்ளிகள் சில மணி நேரத்துக்குள் பெருகிப் படர்ந்து, கழுத்து விறைப்போ நினைவு மயக்கமோ சேருமானால், அது மூளையுறைக் காய்ச்சலாகவோ இரத்தத்தில் கிருமி பரவிய நிலையாகவோ இருக்கலாம். அப்போது சோதனைகளை எண்ணிக்கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

காய்ச்சலின்றி, மாதக்கணக்கில் நீடிக்கும் புள்ளிகளின் உலகம் வேறு. அங்கே தொழில்களின் சுவடு தெரிகிறது. துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே புடவை எடுத்துப்போடும் பெண்களின் சிரைகள் ஓயாத அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி, அவற்றின் தடுக்கிதழ்கள் தளர்ந்துவிடுகின்றன. நரம்பு சுருட்டு என்று மக்கள் சொல்லும் இந்நிலையில், கரண்டைக்காலின் உட்புறத்தில் இரத்தம் துளித்துளியாகக் கசிந்து, செம்புள்ளிகளாகத் தொடங்கி, அதிலுள்ள இரும்பு தோலில் படிந்து பழுப்பேறி, கவனிக்காவிட்டால் ஆறாப் புண்ணில் முடிகிறது. 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியதை, தொழிலாளர் நலச் சட்டமாக மட்டுமன்றி ஒரு மருத்துவ நடவடிக்கையாகவும் கருத இடமுண்டு. இருக்கை போடப்பட்ட பின்னும் உட்கார விடாத கடைகளில் அச்சட்டத்தால் பயனில்லை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் சுளகை வைத்து, காலை மடக்கி அசையாமல் பீடி சுற்றும் பெண்களுக்கும் கெண்டைக்கால் சதை இயங்காமல் கால் வீங்குவதால், அவ்வப்போது எழுந்து நடப்பதும், படுக்கும்போது காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பதும் உதவும்.

சிரைக் கோளாறு ஏதுமில்லாமலே இரு கால்களிலும் துருநிறத் திட்டுகளும் அவற்றின் ஓரத்தில் புதிய செம்புள்ளிகளும் தோன்றும் ஒரு நிலையை, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஷாம்பெர்க் என்னும் தோல் மருத்துவர் 1901-இல் விவரித்தார். அவர் பெயரால் வழங்கும் அது நெடுநாள் நீடித்தாலும் உடலுக்குக் கேடு செய்வதில்லை. திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்வோரிடமும் இதையொத்த புள்ளிகளைக் காணலாம். வெயிலில் நீண்ட தூரம் நடந்தவர்களின், குறிப்பாக நடுவயதைக் கடந்த பெண்களின், கெண்டைக்காலில் சிவந்த எரிச்சலான திட்டுகளும் புள்ளிகளும் எழுவது உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று; ஓய்வெடுத்தால் பத்து நாளுக்குள் தானே மறைந்துவிடும்.

முதியவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது மாத்திரை டப்பாவைப் பற்றித்தான். இதயத்துக்காக உட்கொள்ளும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவையும், மூட்டுவலிக்குச் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்தவையும் தோலடி இரத்தக்கசிவை எளிதாக்குகின்றன. அதற்காக இதய மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவது இன்னும் பெரிய ஆபத்து. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் வாழ, ஊரில் தனித்திருந்து கஞ்சியும் ஊறுகாயுமாகக் காலந்தள்ளும் முதியவரின் காலில், ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் ஒரு செம்புள்ளி காணப்பட்டு ஈறும் வீங்கியிருந்தால், அது கடலோடிகளின் நோயென்று பழைய நூல்கள் கூறும் ஸ்கர்வியாக இருக்கலாம். வைட்டமின் சி குறைவால் நுண்குழாய்ச் சுவர் நலிவதே அதன் காரணம். சில வாரங்கள் நெல்லிக்காயும் கொய்யாவும் கீரையும் கிடைத்தாலே கால் தெளிந்துவிடும்.

அழுத்தினால் மறையும் புள்ளிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நடவுக்காலத்தில் சேற்றுநீரில் நத்தைகளிலிருந்து வெளிவரும் நுண்புழுக்கள் தோலைத் துளைப்பதாலும், உரத்தின் எரிச்சலாலும், மயிர்க்கால்களில் கிருமி தொற்றுவதாலும், கொசு, எறும்பு, தெள்ளுப்பூச்சிக் கடிகளாலும் வருபவையே மிகுதி. அவை அரிக்கும், சில நாளில் ஆறும். இரவில் வரப்பில் நடந்துவிட்டு வந்தவரின் காலில் புதிதாக ஒன்றிரண்டு புள்ளிகள் தெரிந்து, அந்த இடம் வலியோடு வீங்கத் தொடங்கினால் மட்டும் அதைக் காணாக்கடி என்று விட்டுவிட்டு மந்திரிக்கக் கூட்டிச்செல்லக் கூடாது. கண்ணாடி விரியனும், தேரி நிலங்களில் மிகுந்த சுருட்டை விரியனும் இரத்தம் உறையும் ஆற்றலையே அழிப்பவை. மருத்துவமனையில் சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே நஞ்சுமுறி மருந்தின் தேவையை முடிவுசெய்கின்றனர்.

குழந்தைகளின் காலில் வரும் மறையாத புள்ளிகளுக்குத் தனிக் கவனம் தேவை. சளியோ வைரஸ் காய்ச்சலோ வந்து போன இரண்டு மூன்று வாரத்தில், ஓடியாடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காலில் நுண்புள்ளிகளும் காரணமில்லாத நீலத் தழும்புகளும் தோன்றினால், உடலின் எதிர்ப்பாற்றல் தன் தட்டணுக்களையே அழிக்கும் ஐ.டி.பி. என்னும் நிலை முதலில் நினைவுக்கு வர வேண்டும். தட்டணு எண்ணிக்கை சில ஆயிரங்களுக்கு இறங்கியிருந்தாலும் பெரும்பாலான குழந்தைகள் ஆறு மாதத்துக்குள் முழுமையாகத் தேறிவிடுகின்றனர். ஆனால் பிள்ளை வெளிறிச் சோர்ந்திருந்து, காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, எலும்பு வலியும் நெறிகட்டலும் இருந்தால், இரத்தப் புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்தே ஆக வேண்டும். இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையும், நுண்ணோக்கியில் பார்க்கும் இரத்தப் பூச்சுப் பரிசோதனையும் அதற்கான முதல் வாயில்கள். முன்னதை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பெறலாம். மேற்கொண்டு தேவைப்படுவனவற்றுக்கு, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று மாவட்டமே அழைக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தட்டணுக்கள் சரியாக இருந்தும் புள்ளிகள் வருவதுண்டு. இங்கே பழுது குழாய்ச் சுவரில் இருக்கிறது. தொண்டை வலி வந்துபோன சில நாட்களில், தொட்டால் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்குப் புடைத்த செம்புள்ளிகள் இரு கால்களிலும் பிட்டத்திலும் சரிசமமாகப் படர, கூடவே கரண்டை, முழங்கால் வலியும் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலியும் வருவது, மூன்று முதல் பத்து வயதுக் குழந்தைகளில் மிகுதியாகக் காணப்படும் ஐ.ஜி.ஏ. குழாய் அழற்சி. ஷூன்லைன் 1837-இல் இதில் மூட்டுவலியையும் புள்ளிகளையும், அவருடைய மாணவர் ஹெனோக் 1874-இல் குடலின் பாதிப்பையும் இணைத்து விளக்கியதால், மருத்துவர்கள் இன்றும் பேச்சில் இருவர் பெயரையும் சேர்த்தே இதைக் குறிப்பிடுகின்றனர். வயிற்றுவலியை மட்டும் பார்த்துக் குடல்வால் அழற்சி என்று எண்ணி அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமான நிகழ்வுகளும் மருத்துவ வரலாற்றில் உண்டு. பாவாடையையோ கால்சட்டையையோ சற்று உயர்த்திக் கால்களைப் பார்த்திருந்தால் அந்தக் குழப்பம் நேர்ந்திராது. பெரும்பாலும் நான்கு வாரத்தில் புள்ளிகள் மறைந்து, பிள்ளை பழையபடி விளையாடத் தொடங்கிவிடும். சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் இதே அழற்சிக்கு ஆளாகக்கூடும் என்பதாலும், அது வலியின்றிச் சில வாரங்கள் கழித்தே வெளிப்படும் என்பதாலும், கால் தெளிந்த பிறகும் ஆறு மாதம் வரை சிறுநீரில் புரதமும் இரத்தமும் உண்டா என்று அவ்வப்போது சோதித்து, இரத்த அழுத்தத்தையும் அளந்து வர வேண்டும்.